ஓடும் காரிலிருந்து ஓடும் காரை அளப்பது எப்படி?

“அவனும்தானே காடிய ஓட்டிக்கிட்டு வர்றான்? என் வேகம் அவனுக்கு எப்படிடா தெரியும்?” வேகம் பிடிக்கும் போலீஸ்காரரைப் பற்றி, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருபது வருடம் லோரி ஓட்டிய என் மாமா கேட்டது இது. சாலையோரம் நிறுத்திவைத்து வேகம் அளக்கும் ராடார் அவருக்குப் புரிந்திருந்தது. வண்டியில் பொருத்தி, ஓடிக்கொண்டே அளக்கும் ராடார்தான் இடித்தது. நியாயமான கேள்வி.

நிற்கும் ராடாரின் வேலை எளிது. பரவலாகப் பயன்படும் ஒரு வகை, வினாடிக்கு 2,415 கோடி முறை அதிரும் நுண்ணலையை அனுப்புகிறது. எதிரே வரும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கூடிவிடும். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு இது. மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துக்கு வினாடிக்கு ஏறத்தாழ 44.75 அதிர்வுகள்தான் கூடும். கடலில் கரைத்த பெருங்காயம் போன்ற இந்த அளவைப் பிடிப்பதற்கு, போன அலையையும் வந்த அலையையும் ஒன்றாகக் கலக்கிறார்கள். சுருதி சற்றே பிசகிய இரண்டு தம்புராத் தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒரு விம்மல் கேட்குமே, அதேபோல் வித்தியாசம் தனியே எழுந்து நிற்கும்.

இனி அந்த ராடாரை மணிக்கு 70 கிலோமீட்டரில் ஓடும் ரோந்துக் காரில் ஏற்றி, பினாங்குப் பாலத்தில் தீவை நோக்கி அனுப்புவோம். அதன் கண்ணுக்குப் பாலமே ஓடிவருகிறது. விளக்குக் கம்பம், தடுப்புச் சுவர், தார்ச்சாலை எல்லாம் 70இல் வருகின்றன. எங்கும் நிறைந்திருக்கும் இந்த எதிரொலியைத்தான் ராடார் ‘இதுதான் என் வேகம்’ என்று எடுத்துக்கொள்கிறது. எதிர்த்திசையில், பெருநிலத்திலுள்ள பிறை நகர்ப் பக்கம் 95இல் போகும் கார் அதற்கு 165ஆகத் தெரியும். 165இல் 70ஐக் கழித்தால் 95. பாலத்தின் வரம்பு 80.

ஆக, தன் வேகத்தைத் தவறாகக் கணித்தால் அடுத்தவர் வேகமும் தவறும். ரோந்துக் காருக்கு முன்னால் பெரிய லோரி ஒன்று 40இல் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதன் அகன்ற முதுகிலிருந்து வரும் எதிரொலி, தரையின் எதிரொலியை அமுக்கிவிடலாம். 70இல் 40 போக, லோரி 30இல்தான் நெருங்குகிறது. ராடார் அதையே தரை என்று நம்பினால் 165இல் 30 போக 135! யாரோ ஒருவர் செய்யாத குற்றத்துக்குச் சம்மன். பக்கவாட்டில் உள்ள பலகையின் எதிரொலியைப் பிடித்தாலும் இதே சிக்கல்தான், சற்றுச் சிறிய அளவில். 20 பாகைக் கோணத்தில் 70 என்பது 66ஆகத் தெரியும். அந்த 4 கிலோமீட்டர் எதிரே வருபவர் தலையில் விழும்.

இதனால்தான் ராடார் திரையில் ரோந்துக் காரின் வேகமும் தனியாகக் காட்டப்படுகிறது. அதிகாரி அதை வேகமானியோடு ஒப்பிட வேண்டும். சக்கரச் சுழற்சியின் கணக்கை நேரடியாக ராடாருக்கே கொடுக்கும் கருவிகளும் உண்டு. என்னைக் கேட்டால், ரோந்துக் காரின் அந்த வேகம் சம்மனிலும் அச்சாக வேண்டும்.

கருவியைச் சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவைதான் இசைக்கவை. வினாடிக்கு 2,238 முறை அதிரும் கவையைத் தட்டி முன்னால் பிடித்தால், நிற்கும் ராடார் 50 என்று காட்டும்; 50இல் வரும் வண்டி எழுப்பும் வித்தியாசமும் அதே அளவுதான். ஓடும் நிலையைச் சோதிக்க, வெவ்வேறு சுருதியுள்ள இரண்டு கவைகள் வேண்டும். தாழ்ந்த சுருதியை ராடார் தன் வேகமாக எடுத்துக்கொள்ளும். உயர்ந்ததிலிருந்து அதைக் கழித்து, அசையாமல் நிற்கும் ரோந்துக் காருக்குள்ளேயே, வராத ஒரு வண்டியின் வேகத்தைச் சொல்லும்.