பெயிண்ட் ஏன் வழிகிறது?

பழைய பீரோ, ஜன்னல் கிரில், டேபிள் ஃபேனின் கூண்டு என்று, ஸ்பிரே பெயிண்ட் டப்பா ஒன்று கையில் கிடைத்துவிட்டால் வீட்டில் எதையும் விட்டுவைக்க மனசு வராது. அடித்து முடித்ததும் பளபளவென்றுதான் இருக்கும். கால் மணி நேரம் கழித்துக் கிட்டே போனால்தான் வண்டவாளம் தெரியும். பீரோ கதவில் நாலு கோடு வழிந்திருக்கும், ஒரு ஓரம் சொரசொரப்பாக இருக்கும், இன்னொரு இடத்தில் பெயிண்டர்கள் ஆரஞ்சு பீல் என்று சொல்லும் புள்ளிப்புள்ளியான மேடுபள்ளம். இவை தனித்தனிக் கோளாறுகளாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரே போட்டிதான்: பெயிண்டில் கலந்திருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போகும் வேகத்துக்கும், ஈரமான பெயிண்ட் பரவி ஓடும் வேகத்துக்கும் இடையிலான போட்டி.

டப்பாவிலிருந்து தொடங்குவோம். உள்ளே பெயிண்டோடு ஒரு வாயுவையும் அழுத்தித் திரவமாக்கி அடைத்திருப்பார்கள். முன்பு அது குளோரோஃபுளோரோகார்பன். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்து, 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தபின் அது வழக்கொழிந்தது. இப்போது பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன், டைமெத்தில் ஈதர். முதல் இரண்டும் நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே சரக்கு. எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்பிரே அடிக்காதே என்று டப்பாவில் எழுதியிருப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

டைமெத்தில் ஈதர் மைனஸ் 24 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மூடியை அழுத்தியதும் பெயிண்டும் இதுவும் சேர்ந்து நுண்துளை வழியாக வெளியே பாய்கின்றன. வெளியே வந்த கணமே வாயு கொதித்து விரிந்து, பெயிண்டைச் சுக்குநூறாகச் சிதறடிக்கிறது. டப்பாவைக் குலுக்கும்போது கடகடவென்று சத்தம் போடும் குண்டுக்கு இதில் வேலை இல்லை. அடியில் படிந்துபோன நிறமித் தூளைக் கலக்கிவிடுவது மட்டுமே அதன் பொறுப்பு. நன்றாகக் குலுக்காமல் அடித்தால் முதலில் வருவது வெறும் கரைப்பானும் பிசினும்தான், நிறம் பிடிக்காது.

ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் டப்பாவிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதனால்தான் தொடர்ந்து அடித்தால் டப்பா கையில் சில்லிடுகிறது. குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும், துளிகள் பெரிதாகும், பூச்சு திட்டுத்திட்டாக விழும். கொஞ்சம் நிறுத்தி, டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். கொதிநீரில் வைத்துவிடாதீர்கள்; 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது, வெடிக்கும்.

துளி காற்றில் பறக்கும்போதே அதிலுள்ள கரைப்பான் ஆவியாகத் தொடங்கிவிடுகிறது. டப்பாவை ரொம்பத் தள்ளிப் பிடித்தால் துளி பாதி காய்ந்த தூளாகப் போய் ஒட்டும். மேலே சொன்ன சொரசொரப்பு அதுதான். அதைவிடக் கொஞ்சம் ஈரமாக விழுந்தால், துளிகள் ஒன்றோடொன்று கலந்து மட்டமாவதற்குள் கெட்டிப்பட்டு ஆரஞ்சு பீல் ஆகும். வெயில் கொளுத்தும் மொட்டை மாடியில் மத்தியானம் அடித்தாலும் இதே கதி. ரொம்பக் கிட்டே பிடித்தாலோ, துளிகள் ஈரம் குறையாமல் ஒரே இடத்தில் குவிந்து வழியும். 25 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் என்று பொதுவாகச் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கத்தான்.

வழிவதில் ஒரு கணக்கு இருக்கிறது. செங்குத்தான பரப்பில் ஒட்டிய திரவப் படலம் புவியீர்ப்பில் கீழிறங்கும் அளவு, அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் வழியும் பெயிண்ட் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் 27 மடங்கு. 'இன்னும் கொஞ்சம் அடித்தால் மூடிவிடும்' என்று அதே இடத்தில் கை நிற்கும்போது நடப்பது இதுதான். ஒரே பூச்சில் மூட நினைக்காமல், அடியில் உள்ள நிறம் தெரியத் தெரிய மூன்று நான்கு மெல்லிய பூச்சாக (கோட்) அடிக்கச் சொல்வது இதனால்தான். கையை நகர்த்தத் தொடங்கியபின் மூடியை அழுத்த வேண்டும், பொருளைத் தாண்டியபின் விட வேண்டும். அழுத்தும்போதும் விடும்போதும்தான் பெரிய துளிகள் தெறிக்கும். அவை பொருளின் மேல் விழாமல் வெளியே போகட்டும்.

ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் விட வேண்டும்? இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். எனாமல் வகைப் பெயிண்ட், கரைப்பான் போனதோடு முடிந்துவிடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது, அதுவும் முதலில் மேலே தோல்போல, பிறகு உள்ளே. பாதி இறுகிய நேரத்தில் அடுத்த பூச்சை அடித்தால் புதிய கரைப்பான் உள்ளே ஊறி அந்தத் தோலை வீங்க வைக்கும். விரிய இடமில்லாத தோல், பாலாடை போலச் சுருங்கி மடியும். பல டப்பாக்களில் 'ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், இல்லையென்றால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து' என்று போட்டிருப்பார்கள். நடுவில் வரும் அந்த நேரம்தான் ஆபத்தானது. டப்பாவில் உள்ளதை நம்புங்கள். தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்.

மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பும் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனித்துளி படிந்து, குறிப்பாகக் கரைப்பான் போனதுமே காய்ந்துவிடும் லாக்கர் (lacquer) வகைப் பெயிண்டில், வெளுத்த மங்கல் விழும். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் கறுப்பு லாக்கர் அடித்துவிட்டுச் சாம்பல் நிறம் வந்ததே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

பூச்சு விழும் பரப்பும் முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கோ சிலிகோன் பாலிஷோ துளி இருந்தாலும் அந்த இடத்தில் பெயிண்ட் விலகி வட்டக் குழி விழும். சோப்பு நீரில் கழுவி, காய வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியைத் துடைப்பது அதற்காக. தேய்ப்பதில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் பெயிண்ட் பற்றிக்கொள்ள இடம் தருகின்றன. இரும்பென்றால் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு என்னும் துருத் தடுப்பு அடிப்பூச்சு ஒரு கோட். கூரான விளிம்புகளில் பரப்பு இழுவிசை பெயிண்டைப் பின்னுக்கு இழுத்து மெலிதாக்கிவிடும். கிரில் எப்போதும் ஓரத்திலிருந்தே துருப்பிடிக்கத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் விளிம்பை முதலிலேயே உப்புத்தாளால் லேசாக மழுங்கடித்துவிடுவது நல்லது.

பிளாஸ்டிக் நாற்காலி விஷயம் தனி. அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அதன் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. தண்ணீர் விட்டால் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பெயிண்டும் அப்படித்தான், அதைப் பிடித்துக்கொள்வதில்லை. அதற்கென்று விற்கும் ஒட்டுப் பிரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாமல் அடித்தால், நாலு நாள் உட்கார்ந்து எழுந்ததும் வேட்டியில் வந்துவிடும்.

வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துச் சில நொடி அழுத்தினால், உள்குழாயின் நுனி வாயுப் பகுதிக்கு வந்து, நுண்துளையில் தங்கிய பெயிண்டை வாயு மட்டும் ஊதித் தள்ளிவிடும். அடுத்த முறை அடைத்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். துணி மாஸ்க் தூளைக் கொஞ்சம் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். அப்புறம், பூச்சு கையில் ஒட்டவில்லை என்பதற்காகப் பீரோவை உடனே சுவரோடு சாய்த்துவிட வேண்டாம். பெயிண்ட் வாசனை வந்துகொண்டிருக்கிற வரை உள்ளே இன்னும் காயவில்லை.