அடுத்த வீட்டு அரிவாள்மணை

தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பு. வீட்டு விசேஷத்துக்குக் காய் நறுக்க என் அரிவாள்மணையை மாடி வீட்டு மாமி வாங்கிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பிடித்த பலகையில் தோல் செல்கள் ஒட்டிக்கொள்கின்றன. மறுநாள் அதை வாங்கி வைத்த கையோடு நான் ஒரு கத்தியை எடுத்தால், மாமியின் டி.என்.ஏ. கத்திப் பிடிக்கும் போய்ச் சேரலாம். மாமியோ அந்தக் கத்தியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. சுமார் 6 பிகோகிராம். ஒரு கிராமை ஒரு லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் 6 பங்கு. ஆய்வகத்தில் இதைப் பல கோடி மடங்கு பெருக்குகிறார்கள். பிறகு சுமார் 20 இடங்களில், ஒரு சிறு துண்டு எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணுகிறார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தாய்வழி ஓர் எண், தந்தைவழி ஓர் எண். வரைபடத்தில் இவை முகடுகளாக எழும்.

ரத்தம் தாராளமாகக் கிடைத்தால் முகடுகள் தெளிவாக நிற்கும். கைபட்ட இடத்தில் பத்துப் பதினைந்து செல்களே கிடைத்தாலோ, பெருக்கும்போதே ஒரு முகடு காணாமல் போகலாம்; எங்கிருந்தோ ஒட்டிய துணுக்கு புது முகடாக முளைக்கலாம். மூன்று பேருடையது கலந்துவிட்டால் எது யாருடையது என்பது நிபுணரின் கணிப்பாகிவிடுகிறது. அதனால்தான் தடயத்தை முதலில் படித்து எழுதிவைத்துவிட்டு, அதன் பிறகே சந்தேக நபரின் வரைபடத்தைத் திறக்க வேண்டும். விடையைப் பார்த்துக்கொண்டு போடும் கணக்கை எப்படி நம்புவது?

அரைகுறை வரைபடம் ஒன்று 10 லட்சம் பேரில் ஒருவருக்குப் பொருந்தும் என்று வையுங்கள். 2011 கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள்தொகை 1.67 கோடி. அப்படியானால் இந்த ஊரிலேயே ஏறக்குறைய 17 பேருக்கு அது பொருந்தும். 'இவர் நிரபராதியாக இருக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்' என்று அதைத் திருப்பிச் சொல்வது பெரும் பிழை.

2012இல் கலிஃபோர்னியாவில், கொலையானவரின் நகத்தில் கிடைத்த டி.என்.ஏ.வை வைத்து ஒருவரைச் சிறையில் அடைத்தார்கள். கொலை நடந்த இரவில் அவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அவருக்கு உதவிய அதே மருத்துவ உதவியாளர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலையானவரையும் தொட்டிருந்தார்கள்.

தில்லி சாவ்லா பகுதியில் ஓர் இளம்பெண் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் மூவரை விடுவித்தபோது எழுப்பிய கேள்விகளை அந்த இளம்பெண்ணின் பெற்றோருக்காகவும் நினைத்துப் பார்க்கிறேன். டி.என்.ஏ. அறிக்கையின் அடிப்படை என்ன, முறைகள் சரியாகக் கையாளப்பட்டனவா என்று கீழ் நீதிமன்றங்கள் ஆராயவில்லை. 2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27ஆம் தேதிதான் ஆய்வகத்துக்குப் போயின. அதுவரை அவை காவல் நிலையத்தின் மால்கானாவில், அதாவது வழக்குப் பொருள்களை வைக்கும் அறையில் இருந்தன.