வெப்பச்சலனம்: பெயரில் வெப்பம், வருவது மழை

ஆடி மாதத்தில் சென்னைக்கான ஏழு நாள் வானிலை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏழு நாளுக்கும் ஒரே வரிதான் இருக்கும். வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும். மாலை அல்லது இரவு வேளையில் நகரின் ஒருசில பகுதிகளில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும். அதிகபட்ச வெப்பநிலை 36 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். காரணம் கேட்டால் ‘வெப்பச்சலனம்’ என்பார்கள். இதைச் செய்தியில் கேட்டுவிட்டு, “வெயில் இன்னும் ஏறப்போகுது போல” என்று பெருமூச்சு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. மே மாதம் முழுக்க ‘வெப்ப அலை’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு, வெப்பச்சலனம் மழையின் பெயர் என்று எப்படித் தெரியும்?

முதலில் எழுத்து. வெப்பம் + சலனம் என்பதில் ஈற்று மகரம் கெட்டு வல்லினம் மிகும். தொலைக்காட்சியில் அடிவரியாக ஓடும் ‘வெப்பசலனம்’ பிழை.

சலனம் வடமொழியிலிருந்து வந்த சொல், பொருள் அசைவு. அசையாதது அசலம், அதாவது மலை. அருணாசலத்தில் இருப்பது அதுதான். சினிமாவைச் ‘சலனப்படம்’ என்று எழுதிய காலமும் உண்டு. ஆக, வெப்பச்சலனம் என்றால் வெப்பத்தின் அசைவு. எனக்கு இடிப்பது இந்த இடம்தான். குழம்பில் கிடக்கும் கரண்டியின் காம்பு சுடுவதும் வெப்பம் நகர்வதால்தான். முதுகில் வெயில் உறைப்பதும் அப்படித்தான். முன்னதற்கு வெப்பக்கடத்தல், பின்னதற்கு வெப்பக் கதிர்வீச்சு என்று பாடநூல்களில் தனிப்பெயர் இருக்கிறது. மூன்றாவது வகையான வெப்பச்சலனத்துக்கு மட்டும் ‘அசைவு’ என்ற பொதுப்பெயரைக் கொடுத்தால், அதன் தனிக்குணம் பிடிபடாது.

ஆங்கிலத்தில் இதற்குக் கன்வெக்‌ஷன் என்று பெயர் வைத்தவர் வில்லியம் பிரௌட் என்ற லண்டன் மருத்துவர். வேதியியல், வானிலையியல், செரிமானம் மூன்றையும் ஒரே நூலில் அடக்கி 1834-இல் அவர் எழுதினார். (இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதைக் கண்டறிந்தவரும் இவரே.) கணப்படுப்பின் எதிரே ஒரு வெப்பமானி, அடுப்பின் இரும்புக் கம்பியைத் தொட்டபடி ஒன்று, புகைபோக்கிக்குள் ஒன்று என்று மூன்றை வைத்து விளக்கினார். மூன்றாவதில் காற்றே சூடாகி, அந்தச் சூட்டைத் தன்னோடு மேலே எடுத்துக்கொண்டு போகிறது. இதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லையே என்று, லத்தீனில் ‘சுமந்து செல்லுதல்’ என்று பொருள்படும் கன்வெக்‌ஷியோவிலிருந்து புதுச்சொல்லைச் செய்துகொண்டார். அதன் வேர் ‘வெஹெரெ’, சுமத்தல். நம் வாயில் புழங்கும் ‘வாகன’த்தின் வடமொழி வேரும் இதற்கு உறவுதான். ஆக மூலச்சொல்லின் உயிர் அசைவில் இல்லை, சுமையில் இருக்கிறது.

சென்னை வானத்தில் நடப்பதும் சுமை தூக்கும் வேலைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் நகரத்தின் மேல் வீசுவது மேற்குக் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, காய்ந்து, சூடேறி வரும். பிற்பகலில்தான் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே நுழையும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்றுக்குப் போக்கிடம் மேலே மட்டுமே. ஏறும் காற்று விரிந்து, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் குளிரும். ஓர் உயரத்தில் அது சுமந்து வந்த நீராவி துளியாகத் தொடங்கும். அப்போது நீராவிக்குள் மறைந்திருந்த வெப்பம் வெளியே வந்து, சுற்றியுள்ள காற்றை மறுபடி சூடாக்கி இன்னும் மேலே தள்ளும். அடுப்பு இப்போது தரையில் இல்லை, மேகத்துக்குள்ளேயே இருக்கிறது. மேகம் 12 கிலோமீட்டருக்கு மேலும் வளர்ந்து இடிமேகமாவது இப்படித்தான். உள்நாட்டில் திரளும் இந்த மேகங்களை மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்று மாலையிலோ இரவிலோ நகரத்துக்குத் தள்ளிக்கொண்டு வரும். “ஒரே புழுக்கமா இருக்கு, ராத்திரி கொட்டும்” என்று திண்ணையில் சொல்வது இந்த ஈரத்தையும் சூட்டையும் உடம்பால் அளந்து சொல்வது.

மழை எந்தத் தெருவில் என்று மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓர் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம். ஒரு மணி நேரத்துக்குள் வளர்ந்து, கொட்டி, கலைந்துவிடும். மாம்பலத்தில் முழங்கால் தண்ணீர், அடையாற்றில் தூசி பறக்கிறது என்றால் அறிக்கை பொய்த்ததாகாது. மாநில அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்பதற்குக் கணக்கே அதுதான்: மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது.

சரி, நல்ல தமிழ்ச்சொல் எது? இலங்கைப் பாடநூல்களைத் திறந்தால் விடை கிடைக்கிறது: மேற்காவுகை. மேல் + காவுகை. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியில் இருப்பது இந்தக் ‘கா’. புறநானூற்றின் 206-ஆம் பாட்டில், அதியமானின் வாயிலில் காத்திருந்து சலித்த ஔவையார் “காவினெம் கலனே” என்று இசைக்கருவியைச் சுமந்துகொண்டு கிளம்புகிறார். யாழ்ப்பாணத்தில் இன்றும் மூட்டையைக் ‘காவிக்கொண்டு’தான் போவார்கள். பிரௌட் லத்தீனில் தேடிப்போன பொருள் அப்படியே இதில் இருக்கிறது. ‘மேல்’ சேர்ந்து திசையையும் சொல்லிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இது நுழைவது எளிதல்ல. இங்கே காவு என்றால் பலி. ‘சாலை விபத்து மூவரைக் காவு வாங்கியது’ என்று படித்த கண்ணுக்கு மேற்காவுகை மிரட்டும். போதாக்குறைக்கு அதை மேற்கு + ஆவுகை என்று பிரித்துப் படிப்பவர்களும் இருப்பார்கள், மேற்குக் காற்று வீசும் பருவத்தில் அந்தக் குழப்பம் வேறு. அதனால் செய்தி அறிக்கையில் வெப்பச்சலனமே ஓடட்டும் என்பேன், வல்லின ஒற்றோடு. பள்ளிப் பாடநூலில் வெப்பச்சலனத்துக்குப் பக்கத்தில் மேற்காவுகையும் ஒருமுறை அச்சேறினால், காற்று எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறது என்று ஆசிரியர் தனியாக விளக்கும் வேலை பாதி மிச்சம்.