எத்தனை அடி போட்டால் வெந்நீர் வரும்?

மணிகரண் ஊற்றின் ஓரத்தில் மாமா வெகுநேரம் பேசாமல் நின்றார். இமாசலப் பிரதேசத்தில், பார்வதி ஆற்றங்கரையில், 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர் அது. ஆற்றில் ஓடுவது பனி உருகிய தண்ணீர், கை வைத்தால் விறைத்துப்போகிறது. அதே கரையில் பாறை இடுக்கில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே இறக்குகிறார்கள், சோறாகி வருகிறது.

மாமா போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் முப்பது வருடம் ஓடியவர். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று அவர் ஓட்டை போடாத மண் குறைவு. கடைசியில் அவர் வாய் திறந்து கேட்டது இதுதான்: "ஏம் மாப்ள, நம்மூர்ல எத்தனை அடி போட்டா இந்தச் சூட்டுல தண்ணி வரும்?"

இதைவிடச் சரியான கேள்வியை யாரும் கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. நம்மூர்க் கிணற்றிலிருந்தே அதற்குப் பதில் தேடலாம்.

மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை மதியத்தில் அதே தண்ணீர் குளுகுளுவென்று இருக்கும். உண்மையில் தண்ணீரின் சூடு பெரிதாக மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்றுதான். பத்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே வெயில் காலமும் குளிர் காலமும் எட்டுவதில்லை. அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே மண்ணின் சூடு நின்றுவிடும். கொங்குச் சமவெளியில் அது 27, 28 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போகப் போகத்தான் பூமியின் சொந்தச் சூடு தெரிய ஆரம்பிக்கும். பூமி உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட வெப்பம் ஒரு பங்கு. பாறைகளில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை கதிரியக்கத்தால் சிதைந்து கொடுக்கும் வெப்பம் ஏறத்தாழ அதே அளவு இன்னொரு பங்கு. கண்டங்களில் பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி கூடும்.

கொங்கு நாட்டில் அவ்வளவு கூடாது. நம் அடிப்பாறை மிகப் பழையது. நீலகிரியும் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் சார்னகைட் என்னும் பாறையால் ஆனவை. கொல்கத்தாவில் இருக்கும், ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல்லை வைத்து தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது. அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். நமக்கு அது வெறும் கருங்கல். நீலகிரியின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் சூட்டில் வெந்தது. அப்படி வேகும்போது யுரேனியம், தோரியம் போன்றவை உருகிய பகுதியோடு சேர்ந்து மேல்நோக்கிப் போய்விடும். அந்த மேல்பகுதி எப்போதோ அரித்துப்போய், சூடு தரும் சரக்குக் குறைந்த அடிப்பகுதிதான் இன்று மலையாக நிற்கிறது. அதனால் நம் பக்கம் கிலோமீட்டருக்குத் தோராயமாக 15 டிகிரி என்று கணக்குப் போட்டால் தவறில்லை.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். ஆயிரம் அடி என்பது சுமார் 300 மீட்டர். நாலரை டிகிரி கூடும், தண்ணீர் 32, 33 டிகிரியில் வரும். மணிகரண் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். நம்மூரில் 28-லிருந்து 94-ஐத் தொட 66 டிகிரி வேண்டும். அதற்கு நாலரை கிலோமீட்டர் இறங்க வேண்டும், கிட்டத்தட்ட 14,500 அடி! கணக்கைச் சொன்னதும் மாமா, "ஆயிரத்தைந்நூறு அடிக்கே ராடு பத்தாது" என்றார்.

ஆனால் மணிகரணில் யாரும் போர் போடவில்லையே? அங்கே தண்ணீரே போர் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வருகிறது. மலைமேல் பெய்யும் மழையும் பனியும் பாறை விரிசல் வழியாகக் கீழே இறங்குகின்றன. ஆழத்தில் சூடேறிய தண்ணீர் லேசாகிறது. பின்னால் உயரத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த கனமான தண்ணீர் அதை நெட்டித் தள்ளுகிறது. ஆழத்தில் அது கொதித்து ஆவியாகிவிடாதா என்றால், ஆகாது. குக்கரில் அழுத்தம் கூடினால் 120 டிகிரி வரை தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறதல்லவா? ஒரு கிலோமீட்டர் ஆழத் தண்ணீரின் எடை தரும் அழுத்தத்தில் கொதிநிலை 310 டிகிரிக்குப் போய்விடும்.

திரும்பி ஏறும்போதுதான் விஷயமே இருக்கிறது. மெதுவாகக் கசிந்து ஏறினால் வழியிலுள்ள பாறையெல்லாம் சூட்டை வாங்கிக்கொள்ளும், மேலே வருவது பச்சைத் தண்ணீர்தான். விறுவிறுவென்று ஏற அகலமான, தடையில்லாத வெடிப்பு வேண்டும். ரிக் வண்டிக்காரர்கள் அதைக் 'கேப்' என்பார்கள். பத்தடி தள்ளிப் போட்ட இரண்டு போரில் ஒன்றில் வெறும் புழுதிப் புகையும் இன்னொன்றில் மூன்று இஞ்ச் தண்ணீரும் வருவது அந்தக் கேப்பால்தான்.

இமயமலைக்கு இந்த வசதி உண்டு. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவில் மோதியது, இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆழத்துப் பாறை ஆறுவதற்குள் மேலே தூக்கப்படுகிறது, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தோசைக்கல் மாதிரி. நிலநடுக்கங்கள் விரிசல்களைத் திரும்பத் திரும்பத் திறந்துவிடுகின்றன. அது ரொம்ப முக்கியம். ஏனென்றால் வெந்நீர் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். சூட்டில் கரைந்த சிலிக்கா, ஆறும்போது விரிசல் சுவரில் படிந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிடும்.

இங்கேதான் எனக்கு நம்மூர் மேட்டாங்காடு ஞாபகத்துக்கு வந்தது. உழும்போது கொழுவில் இடறும் வெள்ளைவெளேர் என்ற வெங்கச்சங்கல்லைப் பார்த்திருப்பீர்கள். அது குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிக்கா. பாறைக்குள் நரம்பு நரம்பாக அது ஓடுகிற இடங்கள் பல, ஒரு காலத்தில் சூடான நீர் பாய்ந்த விரிசல்கள். பாலக்காட்டிலிருந்து காவிரி வரை நீளும் பட்டையில் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி ஒட்டிக்கொண்டன என்று பல நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். அன்று இங்கேயும் இமயம் போல ஒரு மலை நின்றிருக்கலாம், அதன் அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் கொதித்திருக்கலாம். இப்போது மலை தேய்ந்து, பாறை ஆறி, வழியெல்லாம் வெள்ளைக் கல்லாகிவிட்டது. மாமா அதைக் கேட்டுவிட்டு, "எத்தனை டிரில் பிட்டைத் தேய்ச்சிருக்குது அந்தக் கல்லு!" என்றார்.

ஊற்றுத் தண்ணீர் மழைத்தண்ணீர்தான் என்பது எப்படித் தெரியும்? 1960களில் ஹார்மன் கிரெய்க் என்ற அமெரிக்கப் புவிவேதியியலாளர் இதைத் தெளிவாகக் காட்டினார். தண்ணீரில் சாதாரண ஹைட்ரஜனோடு கொஞ்சம் கனமான ஹைட்ரஜனும் கலந்திருக்கும், அந்த விகிதம் இடத்துக்கு இடம் மாறும். வெந்நீர் ஊற்றுகளில் அது அந்தந்த ஊர் மழையோடு ஒத்துப்போனது. அதே சமயம் கனமான ஆக்சிஜன் கூடியிருந்தது, சூட்டில் பாறையிடமிருந்து வாங்கிக்கொண்டது. அப்புறம், கரைந்திருக்கும் சிலிக்காவின் அளவை வைத்து ஆழத்தில் அந்தத் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருந்தது என்றும் கணிக்கிறார்கள். டிகாஷனின் நிறத்தைப் பார்த்து எவ்வளவு கொதித்தது என்று சொல்கிற மாதிரி.

மறுநாள் பர்ஷைனி என்ற ஊரிலிருந்து கீர்கங்கா என்னும் இன்னொரு வெந்நீர் ஊற்றுக்கு நடந்தோம். ஏறத்தாழ 2,950 மீட்டர் உயரம், நடந்தே போக வேண்டிய இடம். தேவதாரு மரங்களுக்கு மேலே புல்வெளியில் குளம், சுற்றிலும் குளிர், கழுத்து வரை இதமான சூடு. மாமா கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். தலையை மட்டும் முக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். வெதுவெதுப்பான இயற்கை நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போவது அரிது, ஆனால் போனால் பிழைப்பது கடினம்.

ஊருக்குத் திரும்பியதும் மாமா கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார், மார்கழிக்குக் காத்திருக்கிறார். நீங்களும் அளந்து பார்க்கலாம். விடியலில் ஒருமுறை கிணற்றுத் தண்ணீரையும் ஒருமுறை போர் தண்ணீரையும் அளவெடுங்கள். மோட்டார் போட்டவுடன் வருவது குழாயில் தங்கிய தண்ணீர், அதை விட்டுவிடுங்கள். கால் மணி நேரம் ஓடட்டும். நீர்மூழ்கி மோட்டாரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சூடேற்றும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். போர் எத்தனை அடி என்பதைவிட, ஊற்று எத்தனையாவது அடியில் அகப்பட்டது என்பதுதான் முக்கியம். அதைப் போர் போட்ட அன்றே நோட்டில் எழுதி வைத்திருந்தால் உங்கள் காட்டுக்கு அடியில் கிலோமீட்டருக்கு எத்தனை டிகிரி என்று நீங்களே வகுத்துவிடலாம்.