பழுதான மிக்சரில் பிறந்த கரகரப்பு

1960 வாக்கில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரம் கன்ட்ரி என்ற கிராமிய இசையை வழவழப்பாக்குவதில் மும்முரமாக இருந்தது. கிராமத்து வயலின் ஓரங்கட்டப்பட்டது, மென்மையான கோரஸ் உள்ளே வந்தது. ராக் கிட்டாரின் முரட்டுச் சத்தம் பேர் வாங்கியது அந்த ஊரில்தான் என்பது வேடிக்கை.

பாடகர் மார்ட்டி ராபின்ஸ் 'டோன்ட் வொரி' என்ற உருக்கமான பாடலை அங்கே குவான்செட் ஹட் கூடத்தில் பதிவு செய்தார். நடுவில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரில் சோலோ வாசிக்க, ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியில் அவருடைய கிட்டாருக்கான சானலில் டிரான்ஸ்ஃபார்மர் பழுது. கர்ர்ர் என்று ஓர் உறுமல்! அதை நீக்காமலே வெளியிட்டார்கள். 1961-ல் கன்ட்ரி பட்டியலில் அந்தப் பாட்டுக்கு முதலிடம்.

உறுமல் எப்படி வருகிறது? தந்தியின் அதிர்வு மின் அலையாக ஏறி இறங்குகிறது. எந்த ஆம்ப்ளிஃபயரும் ஓர் உயரத்துக்கு மேல் அலையைத் தூக்காது. அதைத் தாண்டினால் மலையுச்சியைச் சீவியதுபோல அலையின் தலை தட்டையாகிவிடும். அப்படி மேலும் கீழும் ஒரே அளவில் சீவப்பட்ட 55 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 165, 275, 385 என்று மூன்று, ஐந்து, ஏழு மடங்கு அதிர்வெண்களும் வலுவாகக் கேட்கும். காது கரகரப்பு என்று உணர்வது இவற்றைத்தான். இன்னொன்று: தந்தி ஓய்ந்துகொண்டே வந்தாலும் சீவப்பட்ட உயரம் மாறாது, அதனால் சுரம் நீண்டு நிற்கும். இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து வாசித்தால்தான் வம்பு. அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புது அதிர்வெண்கள் முளைத்து எல்லாம் குழம்பிவிடும். மார்ட்டின் ஒற்றைச் சுரங்களாக வாசித்தது நல்லதாகப் போயிற்று.

அப்புறம் மற்றவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்தார்கள். பழுதான கருவியோ முழுசாகச் செத்துப்போயிருந்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து அதே கோளாறை மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களில் வேண்டுமென்றே உண்டாக்கினார். இரண்டு சின்ன பேட்டரிகள், மொத்தம் 3 வோல்ட். இவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் அலை சீக்கிரமே உச்சவரம்பை முட்டிவிடும். கிட்டார் தயாரிக்கும் கிப்சன் நிறுவனம் அதைக் காலால் மிதிக்கும் பெட்டியாக்கி, 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்றது. கிட்டாரில் சாக்ஸபோன், டிரம்பெட் ஓசை எழுப்பலாம் என்று விளம்பரம். கடைகள் வாங்கி அடுக்கின, வாடிக்கையாளர்கள் சீண்டவில்லை.

1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய இடத்தில் தற்காலிகமாக இந்தப் பெட்டியை மிதித்து வாசித்தார். 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டு அப்படியே வெளிவந்துவிட்டது. தேங்கிக் கிடந்த பெட்டிகள் அந்த ஆண்டே விற்றுத் தீர்ந்தன.