திரையில் தெரிவது மீன் அல்ல

விடிந்தும் விடியாத நேரம். கரை இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இன்ஜினைத் தணித்துச் சின்னப் படகை மெதுவாக விடும்போது, ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் தேடும் எக்கோ சவுண்டர் கருவியின் திரையில் பிறை பிறையாக வளைவுகள் விழும். ‘கீழே மீன் நிற்கிறது’ என்று தூண்டிலை இறக்குகிறோம். சரியாகச் சொன்னால், அந்தத் திரை மீனைக் காட்டவில்லை. மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றைக் காட்டுகிறது.

படகின் அடியில் பொருத்தியிருக்கும், ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசருக்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அதை அதிரவைத்தால் மின்சாரம் தரும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்பதை 1880-ல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். வில்லை ஒரு சத்தம் போட்டுவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர், காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். 30 மீட்டர் ஆழம், மீனவர் கணக்கில் சுமார் 16 பாகம் என்றால், தரையைத் தொட்டுத் திரும்ப 0.04 நொடி போதும். கருவியிடம் இருப்பது ஒரு நல்ல கடிகாரம், அவ்வளவுதான். காத்திருந்த நேரத்தை ஆழமாக மாற்றிப் புள்ளி வைக்கிறது.

சரி, காற்று எங்கே வந்தது? ஒலி போகும் வழியில் பொருளின் தன்மை மாறினால்தான் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். மீனின் சதை பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால், ஒலி அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடுகிறது. முள்ளும் செதிலும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். தண்ணீருக்குள் காற்று எதிர்ப்பட்டால் கதையே வேறு. கிட்டத்தட்ட முழு ஒலியும் மோதித் திரும்பும். மிதவைக்காக மீன் வைத்திருக்கும் காற்றுப்பை, மீனவர் சொல்லும் நெட்டி, கடல்மீனின் உடலில் சுமார் 5 சதவீத இடத்தைத்தான் பிடிக்கிறது. ஆனால் எதிரொலியில் 90 சதவீதத்துக்கும் மேல் அதிலிருந்து வரலாம். சுறாவுக்கும் திருக்கைக்கும் இந்தப் பை கிடையாது. அதனால் சின்னச் சங்கரா அழுத்தமாகக் கோடு போடும் இடத்தில், ஆளுயரச் சுறா போனாலும் அதன் பருமனுக்கேற்ற கோடு விழாது.

அந்தப் பிறை வடிவத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒலி நூல் பிடித்த மாதிரி நேராக இறங்குவதில்லை, கவிழ்த்த கூம்பு மாதிரி விரிகிறது. நொடிக்கு இரண்டு லட்சம் முறை அதிரும் 200 கிலோஹெர்ட்ஸ் கருவியில் கூம்பின் கோணம் 20 பாகை என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டர் ஆழத்தில் அது பத்தரை மீட்டர் அகல வட்டம். இப்போது 20 மீட்டர் ஆழத்தில் ஒரு மீனுக்கு மேலே படகு போகிறது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் சாய்வாக அளக்கப்படும்: 20.3 மீட்டர். நேர் கீழே வரும்போது 20. மறு ஓரத்தில் வெளியேறும்போது மறுபடி 20.3. மீன் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த 30 சென்டிமீட்டர் வித்தியாசம்தான் திரையில் பிறையாக வளைகிறது.

புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே இங்கே ஏமாறுவோம். திரையின் இடது பக்கம் பிறை தெரிந்தால் படகின் இடது பக்கம் தூண்டில் போடுவோம். அந்த அச்சு தூரமே அல்ல, நேரம். வலது ஓரம் இந்த நொடி. இடது பக்கம் போகப் போக நடந்து முடிந்த கதை. நங்கூரம் போட்டு நிற்கும்போது ஒரு பொடிமீன் அடியிலேயே மிதந்தாலும் நீளமாகக் கோடு ஓடும். கோட்டின் நீளத்தைப் பார்த்து மீன் பெரிது என்று நினைக்கக் கூடாது. தடிமனைப் பார்க்க வேண்டும்.

பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு மேல் நிற்கும்போது திரையை இன்னும் குறைவாக நம்பலாம். கூம்புக்குள் எந்த மேடு முதலில் எதிரொலிக்கிறதோ, அதையே கருவி தரை என்று வரைந்துவிடும். பக்கத்துப் பள்ளத்தில் ஒண்டியிருக்கும் களவா மீன் அந்தக் கோட்டுக்குள் மறைந்துபோகும். திரை காலியாக இருக்கிறது என்று பாரை விட்டுக் கிளம்புவது, என்னைக் கேட்டால், அவசரம்.

அப்புறம் அந்தக் களவா தூண்டிலில் மாட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதால், 30 மீட்டரில் அது மேலே இருப்பதைப்போல 4 மடங்கு. மீனை மளமளவென்று இழுத்தால் பைக்குள் இருக்கும் வாயு 4 மடங்கு விரியப் பார்க்கும். மத்தி போன்ற மீன்களுக்குப் பையிலிருந்து இரைப்பைக்கு ஒரு குழாய் உண்டு, வாயுவை வெளியே விட்டுவிடும். களவாவின் பை மூடியது. வாயு இரத்தத்தில் கரைந்துதான் குறைய வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதனால் கண் பிதுங்கி, வாய்க்குள்ளிருந்து பலூன் மாதிரி ஒன்று வெளியே தள்ளும். அதைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறவர்கள் உண்டு. அது பை அல்ல, பை பிடித்துத் தள்ளிய இரைப்பை. சின்ன மீனைத் திரும்ப விடுவதானால், அப்படியே கடலில் போட்டால் வயிறு மேலே தெரிய மிதக்கும். எடை கட்டிய கொக்கியில் கீழே இறக்கி விட்டால் அழுத்தமே பையைச் சுருக்கிவிடும். ஆழம் போனதும் பெரும்பாலும் தானாக நீந்திப் போகும்.

சாயங்காலமானால் கத்தாழை மீன்கள் இதே பையை வேறு விதமாகப் பயன்படுத்தும். பையை ஒட்டிய தசைகளைப் படபடவென்று துடிக்கவிட்டு மத்தளம் தட்டும். நம் காதுக்குக் கேட்கும் சத்தம்தான், ஆனால் 200 கிலோஹெர்ட்ஸுக்கு மட்டும் காது கொடுக்கும் கருவி அதைக் கண்டுகொள்ளாது. இன்ஜினை அணைத்து, துடுப்பின் அலகை நீரில் இறக்கி, பிடியில் காதை வைத்தால் மரத்தின் வழியே கூட்டம் ‘கொர் கொர்’ என்பது கேட்கும்.