மகளுக்கு 26 வயது ஆனாலும் 80டிடி வரிக் கழிவு உண்டு

போன வாரம் ஒரு அரசு ஊழியர் வந்திருந்தார். வீட்டுக் கடன் இருப்பதால் இன்னும் பழைய முறையிலேயே வரி கட்டுகிறவர். பேச்சுவாக்கில், "பெரியவளை வீட்ல தனியா விட்டுட்டு நாங்க எங்கேயும் போறதில்லைங்க சார்" என்றார். மகளுக்கு 26 வயது, அறிவுசார் குறைபாடு. 80 சதவீதத்துக்கு மேல் என்று சான்றிதழ் இருக்கிறது. குறைபாடுள்ள குடும்பத்தாரைப் பராமரிப்பவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80டிடி கழிவை ஏன் போடவில்லை என்று கேட்டேன். "மேஜர் ஆயிட்டா கிடையாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

எட்டு வருடம்! வருடத்துக்கு 1,25,000 ரூபாய் கழிவு. 20 சதவீத ஸ்லாப்பில் செஸ் சேர்த்தால் 26,000 ரூபாய் வரி. அதை எட்டால் பெருக்கி அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

80டிடி-க்கு வயது வரம்பே கிடையாது. சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றுதான் இருக்கிறது, 'மைனர் பிள்ளைகள்' என்று இல்லை. கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் மைனரா? மைனரின் வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்ப்பது வேறு விதி. ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டில் வரும் வயது வரம்பு அதைவிட வேறு. இரண்டையும் இதில் கொண்டுவந்து குழப்பாதீர்கள். பிள்ளை உங்களை முழுவதுமாகவோ பெரும்பாலுமோ சார்ந்திருக்க வேண்டும், பராமரிப்புக்கு நீங்கள் செலவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அரசு மாதாமாதம் தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையை வாங்குவதால் அந்தச் சார்பு போய்விடாது.

பில் பில்லாகச் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். செலவு எவ்வளவானாலும் தொகை ஒன்றுதான்: குறைபாடு 40 சதவீதம் முதல் என்றால் 75,000, 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000.

நல்லது செய்வதாக நினைத்துச் சிலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. குறைபாடுள்ள மகன் பெயரில் டெபாசிட் போட்டிருப்பார்கள், வங்கி வட்டியில் டிடிஎஸ் (முன்கூட்டியே வரி) பிடித்திருக்கும். அதைத் திரும்ப வாங்க பிரவுசிங் சென்டரில் மகனுக்கு ரிட்டர்ன் போடுவார்கள். அங்கே இருப்பவர், குறைபாடுள்ளவரே தன் வருமானத்தில் கோரும் கழிவான 80யு-வையும் சேர்த்துப் போட்டுவிடுவார். மகனுக்கு வரியே வராது, 80யு தேவையும் இல்லை. ஆனால் மகன் அதைக் கோரிவிட்டால் அப்பாவுக்கு அந்த வருடம் 80டிடி கிடையாது. தயவுசெய்து கவனியுங்கள்.

அப்புறம், இந்தக் கழிவு பழைய முறையில் மட்டும்தான். 2023-24 நிதியாண்டு முதல் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான். இரண்டிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், சிலருக்குப் புதியதே லாபம். பழையது வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தேதி போனால் கழிவும் போச்சு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் மாறுகிறது, கழிவை எடுத்துவிடவில்லை.

ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு என்றால் சான்றிதழ் 10-ஐஏ படிவத்தில் வேண்டும். யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள) அட்டை எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ரிட்டர்னில் கேட்கிறார்கள்.

சான்றிதழில் மறுபரிசோதனைத் தேதி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அந்தத் தேதி விழும் நிதியாண்டு வரைதான் பழைய சான்றிதழ் செல்லும். அடுத்த வருடத்துக்குப் புதியது வேண்டும். மெடிக்கல் போர்டில் தேதி கிடைக்க நாளாகலாம், அதனால் மார்ச் கடைசி வாரத்தில் ஓடிவராதீர்கள்.